அமிலப் பாட்டு

...ஆக்சிஜன் இல்லையென்றால் ஹைட்ரோ, அவ்வளவுதானே, இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது, ஹைட்ரஜனும் குளோரினும் மட்டும் கைகோத்துத் தண்ணீரில் இறங்கினால் ஹைட்ரோகுளோரிக், குளோரின் இடத்தில் புரோமின் வந்தால் ஹைட்ரோபுரோமிக், முன்னால் ஹைட்ரோ, பின்னால் இக், தலைக்குத் தொப்பி, காலுக்குச் செருப்பு, எங்கே எல்லாரும் சொல்லுங்க பார்க்கலாம் என்றேன், சொன்னார்கள், தகரக் கூரை அதிர்ந்தது, அந்த அதிர்வுக்கு அடியில், தரைக்கும் அடியில், சரியாக என் பாதத்துக்குக் கீழே, பொத் என்று ஒரு சத்தம். மல்லாட்டை மூட்டையை, வேர்க்கடலை மூட்டையைத்தான் சொல்கிறேன், சுவரில் சாய்க்கும்போது வருமே, அந்தச் சத்தம். கீழ் வீட்டில் மூட்டை எதுவும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் வீட்டுக்காரர் திருமலையும் அவர் மனைவி அருணாதேவியும் மட்டும்தான், அந்த இரண்டு பேரில் சுவரில் சாய்க்கப்படுவது யார் என்று கண்டுபிடிக்க எம்.எஸ்சி. வேதியியல் தேவையில்லை. "இன்னும் சத்தமா" என்றேன். பிள்ளைகள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். ஹைட்ரோகுளோரிக். பொத். ஹைட்ரோபுரோமிக். அப்புறம் ஏதோ எவர்சில்வர் பாத்திரம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி, சுழன்று, சுழன்று, அடங்கியது... ஹைட்ரோஅயோடிக், அதையும் சொல்லுங்க, விடாதீங்க.

பிள்ளைகள் காதில் விழக்கூடாது, அதுதான் என் எண்ணம், வேறொன்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் திறந்து சில வாரம்தான் ஆகிறது, அமிலத்துக்கும் காரத்துக்கும் பெயர் வைக்கத் தெரியாமல் விழிக்கிறார்கள், அதற்குத்தானே செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இந்த மொட்டை மாடியில் தகரம் போட்டு டியூஷன், ஒரு பெண்ணின் மண்டை எப்படி ஒலிக்கும் என்பது பாடத்திட்டத்தில் இல்லையே. ஆகவே பாட்டு. கூத்தில் கட்டியங்காரன் வந்து, ராஜா வருகிறார் பராக் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பான் இல்லையா, அதே மெட்டில் நான் அமிலங்களை அழைப்பேன், இதோ வருகிறார் நைட்ரிக் மகாராஜா, பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுவார்கள், பலகையில் அடித்துத் தாளம் போடுவேன், தெருவில் இதற்கு அமிலப் பாட்டு என்றே பெயர். எங்கள் ஊர்க் கூத்தில் நான் பார்த்திருக்கிறேன், சபை நடுவே ஒருத்தியை மயிரைப் பிடித்து இழுத்து வரும்போதும் கட்டியங்காரன் ஓரமாக நின்று நையாண்டி பண்ணுவான், ஜனங்கள் அழுதுகொண்டே சிரிப்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு அவனைத்தான் பிடிக்கும்... ஏன் இதை இப்போது நினைக்கிறேன்? வேணு, பாடத்தை நடத்து என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சரி, ஆக்சிஜன் உள்ள அமிலங்களுக்கு வருவோம். குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள், நாலு ஆக்சிஜன் இருந்தால் பெர்குளோரிக், ஒன்றைப் பிடுங்கினால் குளோரிக், இன்னொன்றைப் பிடுங்கினால் குளோரஸ், மேலும் பிடுங்கினால் ஹைப்போகுளோரஸ், பிடுங்கப் பிடுங்கப் பெயர் மாறும், கவனியுங்கள். பெயர் எவ்வளவு மரியாதை தெரிந்தது! ஒரே ஒரு ஆக்சிஜன் போனதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. கீழே அவளிடமிருந்து என்னென்னவோ பிடுங்கியாகிவிட்டது, போன வாரம் ஒரு பல், அதைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நானே பார்த்தேன், முதலில் சோழி என்று நினைத்தேன், குனிந்து எடுக்கப் போனேன், வேரில் ரத்தம் காய்ந்திருந்தது... அவள் பெயர் மட்டும் மாறவில்லை, தெருவுக்கு அவள் இன்னும் திருமலை சம்சாரம்தான். கண் வீங்கியிருந்த அன்று, மாடிப்படி சறுக்கிடுச்சு சார் என்றாள். எந்தப் படி அக்கா, சொல்லுங்க, அதுக்கு இம்போசிஷன் குடுக்கறேன் என்றேன். சிரித்தாள். உதடு பிளந்து ஒரு சொட்டு இறங்கியது, முந்தானையால் ஒற்றிக்கொண்டு மறுபடி சிரித்தாள். என் நகைச்சுவைக்கு ரத்தம் சிந்திச் சிரித்த ஒரே ரசிகை.

பொத். இந்த முறை சுவர் இல்லை, மரம். பீரோக் கதவோ, நிலைப்படியோ. நான் திருமலையைக் கொல்ல ஆரம்பித்தேன். இது தினமும் நடப்பதுதான், பலகையில் ஒரு வாய்பாட்டை எழுதுவேன், கை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் கொலை முடிந்திருக்கும். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், கக்கூஸ் கழுவுவது அது, அதில் செத்தால் அவருக்கு அசிங்கம், எனக்கும்தான். கந்தக அமிலம் பொருத்தம். சர்க்கரையில் ஊற்றினால் கருகிக் கறுத்துப் பொங்கிப் பாம்பு மாதிரி எழும்பும், திருமலையின் பேச்சு முழுக்கச் சர்க்கரை, வாங்க சார், சாப்ட்டீங்களா சார், பசங்க எல்லாம் நல்லாப் படிக்குதுங்களா சார், அந்த வாயில் ஊற்றினால் உதடு, நாக்கு, தொண்டை என்று கரி பொங்கி மூக்கு வழியாக வெளியே வரும், கண் இரண்டும் வெந்த முட்டை மாதிரி வெளுக்கும், அப்போதும் வாங்க சார் என்பாரா? ஹைட்ரோஃபுளோரிக் இன்னும் விசேஷம். வெளியே காயம் பெரிதாகத் தெரியாது, வலி தாமதமாக வரும், அதற்குள் சதைக்குள் இறங்கி எலும்பின் கால்சியத்தைத் தின்றுகொண்டிருக்கும், அவர் கையை ஓங்குவார், ஓங்கிய கை உள்ளே பொடிப்பொடியாகி முருங்கைக்காய்ச் சக்கை மாதிரித் தொங்கும்... இந்த இடத்தில் எப்போதும் ஒரு சிக்கல். எரியுமே பாவம் என்று தோன்றிவிடும். உடனே அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்க்காதீங்க அண்ணா, ஓடுற தண்ணியில காட்டுங்க என்பேன். ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த முதலுதவி அட்டவணை எனக்கு மனப்பாடம். ஒரு கொலைகாரனுக்கு இருக்கக் கூடாத படிப்பு. உடம்பும் ஒத்துழைக்காது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் கால் தரையில் படாமலேயே என்னை அடி அண்ணாமலை வரை தூக்கிப்போய்விடுவார்கள், அப்படிப்பட்ட உடம்பு.

அப்போதுதான் கவனித்தேன், பாட்டில் ஒரு குரல் குறைகிறது. எழிலரசி. முதல் வரிசை, ரெட்டை ஜடை, எதையும் எழுதிப் பார்த்துத்தான் நம்புவாள். வாயை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா எழில், குளோரஸ் தொண்டையில சிக்கிக்கிச்சா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கீழே இருந்து ஒரு அலறல், பாதியில் அறுந்தது, வாய்மேல் கை விழுந்தால் எப்படி அறுமோ அப்படி. எல்லோருக்கும் கேட்டது. பின் வரிசையில் கோபி, எனக்குச் சிஷ்யப்பிள்ளை மாதிரி, எனக்கு முன்னால் ஜோக்கடிக்கப் பார்ப்பவன், "ஒண்ணும் இல்ல சார், மிக்ஸில தேங்கா அரைக்கறாங்க, முழுசாப் போட்டுட்டாங்க போல" என்றான். வகுப்பு சிரித்தது. என் குரலில் சொல்லப்பட்ட என் ஜோக், என் ஏற்ற இறக்கம், கடைசியில் புருவத்தைத் தூக்குவது உட்பட. நான் சொல்லாமலேயே நான் சொன்னது. இதையா கற்றுக்கொடுத்தேன்? அமிலத்தின் பெயர் ஒன்று கூட ஏறாத மண்டையில் இது மட்டும் எவ்வளவு சுத்தமாக ஏறியிருக்கிறது...

"சார், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?" என்றாள் எழிலரசி.

நான் யாரையும் அடித்ததில்லை, சாக்பீஸ் எறிந்தால் கூடக் குறி தவறும், அது அவளுக்கும் தெரியும், இருந்தும் கேட்டாள், அந்த வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறவள் கேட்கத்தான் செய்வாள். "சொல்லும்மா."

"நாம கத்தும்போதுதான் சார் அவரு அடிக்கிறாரு. நாம நிறுத்தினா நிறுத்திடறாரு. நேத்தும் அப்டிதான். நாம பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் சும்மாதான் சார் இருந்தாரு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அடிக்கிறார், அதனால் நாம் பாடுகிறோம், வரிசை அதுதான் என்று சொல்லப் போனேன். ஆனால் வரிசை அதுதானா? இன்றைக்கு முதலில் வந்தது எது, தொப்பியா செருப்பா, ஹைட்ரோவா பொத்தா? ஹைட்ரோ. நேற்று? நேற்றும் நைட்ரிக் மகாராஜா வந்த பிறகுதான் முதல் சத்தம். சீசனில், திருமலை வாடகைக்கு விடும் பின்பக்க அறைகளில் வெள்ளைக்காரர்கள் தங்கியிருந்த மாதங்களில், கீழே எந்தச் சத்தமும் இல்லை, ஒரு அம்மாள் தியானத்துக்கு இடைஞ்சல் என்று புகார் சொன்னாள், திருமலை மேலே வந்து, மெதுவாச் சொல்லச் சொல்லுங்க சார் என்று கெஞ்சினார், முணுமுணுத்தே பாடம் நடத்தினேன். அறைகள் காலியான மறுநாள் மறுபடி வந்தார். "இனிமே பசங்களை நல்லா தொண்டை விட்டுச் சொல்லச் சொல்லுங்க சார், படிப்புச் சத்தம் கேட்டாதான் வூடே களையா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாடகைக்கு விட்டவர் சத்தம் கம்மி என்று குறைப்படுவது இந்த ஊரிலேயே எனக்குத்தான் வாய்த்தது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். சொல்லிச் சிரித்தேன்...

"நிறுத்துங்க" என்றேன். ஏற்கெனவே யாரும் பாடவில்லை. இருந்தும் இன்னொரு அடுக்கு நின்ற மாதிரி இருந்தது, மின்விசிறியின் கிறீச், தெருவில் ஒரு ஆட்டோ, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. கீழேயும் ஒன்றும் இல்லை. பெட்டியில் அடைத்த மாதிரி ஓர் அமைதி. இருபது பிள்ளைகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தரை எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடக்கூடாது என்று தோன்றியது. நாம் மூச்சு விட்டால் அங்கே அவளுக்கு அடி விழும். அப்போது படிக்கட்டு வழியாக அந்தக் குரல் ஏறி வந்தது, வெல்லப் பாகு மாதிரி.

"இன்னா சார், பசங்க சத்தத்தையே காணோம்? கரன்ட்டு போச்சா?"

கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தேன்.

"படிக்கச் சொல்லுங்க சார். சும்மா உக்காந்துனு இருந்தா எப்டி பாஸ் பண்ணும்ங்க?"

கோபியின் முகம் வெளுத்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது, எல்லோருக்கும் புரிந்துவிட்டது, ஆரம்ப வேதியியல் போதும், ஒன்று சேர்க்கிறோம், ஒன்று நடக்கிறது, எடுத்துவிடுகிறோம், நிற்கிறது. இத்தனை நாள் நான் அவருக்குத் தாளம் போட்டிருக்கிறேன். பலகையில் தட்டிய இந்தக் கை. அவர் கை ஓங்க, என் கை தட்ட... எனக்குள் என்னவோ கொதித்து மூடியைத் தள்ளியது, இதுவரை நான் செய்த கொலைகளெல்லாம் கைகழுவி நிற்கும் கொலைகள், இது அப்படி இல்லை, பல்லால் கடித்து எடுக்க வேண்டும் போல, அவர் கழுத்தில், அந்தச் சர்க்கரை வரும் குழாயில். மேஜையில் லிட்மஸ் தாள் காட்ட வைத்திருந்த கண்ணாடிக் குப்பி இருந்தது, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலே அதைவிடப் புளிக்கும், அவ்வளவு நீர் கலந்தது, ஆனால் அதன் மேல் என் கையெழுத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். என்ன செய்யப் போகிறேன்? தெரியாது. நாலாவது படியிலோ எங்கோ செருப்பு கழன்றது, திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பிள்ளைகள் இறங்கும் சத்தம். மேலேயே இருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

கதவு திறந்துதான் இருந்தது. திருமலை ஈரத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், இட்லி மாவு கரைத்தவர் மாதிரி. "வாங்க சார்" என்றார். அவருக்குப் பின்னால் பீரோவில் சாய்ந்து அருணாதேவி, ஒரு பக்கத் தலைமயிர் பிடுங்கப்பட்ட கோழி இறகு மாதிரி நின்றது, காதோரம் ரத்தம் கழுத்துக்கு இறங்கி ஜாக்கெட் கையில் ஊறியிருந்தது, கையில் ஒரு தம்ளர், ஏனோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் பழக்கப்படி ஒரு ஜோக்கைத் தேடியது. நல்லவேளை, கிடைக்கவில்லை. குப்பியைத் தூக்கினேன். மூடியைத் திருகினேன். திருமலையின் கண் குப்பியின் எழுத்தைப் படித்தது, எழுத்துக் கூட்டிப் படிப்பது தெரிந்தது, அமிலம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறம் மாறியது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார். "சார்... சார், விளையாடாதீங்க சார்... தப்பு சார்..." குரலில் சர்க்கரை இல்லை, வெறும் தண்ணீர். பின்னால் போனார், நாற்காலியில் இடித்தார், துண்டு விழுந்தது.

எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லட்டுமா? முதுகுத்தண்டில் சூடாக ஏதோ ஏறியது, என் உயரம் ஒரு சாண் கூடியது, இன்னொரு அடி முன்னால் வைத்தேன், அவர் குனிந்தார், இன்னும் குனி என்று நினைத்தேன், அழு என்று நினைத்தேன், இதற்காகத்தானா, இதற்காகத்தான் தினமும் அவர்... ஆமாம், இதற்காகத்தான், வேறு காரணமே தேவையில்லை, இது ஒன்றே போதும், கள்ளை விட ஜாஸ்தி ஏறுகிறது. அந்த நேரத்தில்தான் அவளைப் பார்த்தேன். அருணாதேவியும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தம்ளரைப் பிடித்த கையாலேயே. குப்பியைப் பார்த்து, என்னைப் பார்த்து, பீரோவோடு பீரோவாக ஒட்டிக்கொண்டு, அவருக்கு எப்படிச் சுருங்குவாளோ அதே மாதிரி எனக்கும் சுருங்கினாள்.

குப்பியை மூடினேன். மூடி வழுக்கியது, கை அவ்வளவு வியர்த்திருந்தது. இந்த மாலை முழுவதும், இந்த மாதம் முழுவதும் எத்தனை விதமாக அவரைக் கொன்றிருக்கிறேன், கந்தகத்தில், நைட்ரிக்கில், பெயர் தெரிந்த எல்லாவற்றிலும், அந்தக் கொலைகள் ஒன்றில் கூட இவள் இல்லையே. நானும் அவரும்தான் இருந்தோம். எங்கே நின்றிருந்தாள் இவள், கொலை முடிந்த பிறகு எங்கே போவாள், யாருக்காவது ஃபோன் செய்ய வேண்டுமா, அம்மா வீடு எந்த ஊர்... நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. படிக்கு இம்போசிஷன் கொடுக்கிறேன் என்று சொல்லத் தெரிந்தது.

"மாடியில வெக்கை ஜாஸ்தி அண்ணா" என்றேன், குரல் கீச்சென்று வந்தது, "இன்னைக்குப் பாடம் உங்க வாசல்லதான். கதவைத் திறந்தே வைங்க." என் கையை விட்டு அவர் கண் நகரவில்லை. "தண்ணிதான் அண்ணா, பயப்படாதீங்க" என்று சொல்ல நாக்கு துடித்தது, எப்படியோ அடக்கினேன். பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்தார்கள், செருப்புகளுக்கு நடுவே, சத்தமில்லாமல். கோபி எனக்குப் பக்கத்தில், கதவுக்கு நேராக, சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எழிலரசி எழுந்து, என்னைக் கேட்காமல், உள்ளே போய்த் தன் துப்பட்டாவைச் சுருட்டி அருணாதேவியின் காதோரம் வைத்து அழுத்தினாள். திருமலை நகர்ந்து வழிவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டி, ஓடாத டி.வி.யைப் பார்த்தபடி. நான் காரங்களுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று ஆரம்பித்தேன், மெல்லிய குரலில், அது ரொம்பச் சுலபம், முன்னால் உலோகத்தின் பெயர், பின்னால் ஹைட்ராக்சைடு, சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு... யாரும் பின்பாட்டுப் பாடவில்லை, எழுதினார்கள், பேனா ஓடும் சத்தம் மட்டும், அது இவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள். மலை இருட்டோடு சேர்ந்துகொண்டிருந்தது. அருணாதேவி துப்பட்டாவைத் தானே பிடித்துக்கொண்டு கதவருகே வந்தாள், குரலை மட்டும் முன்னால் அனுப்பினாள்.

"பசங்க எத்தினி மணிக்கு சார் போவாங்க?"

பதில் தெரிந்த கேள்விதான், என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சுலபமானது. எழிலரசி என்னைப் பார்த்தாள். கோபி என்னைப் பார்த்தான். நான் உள்ளே பார்த்தேன், நாற்காலியில் அந்த முதுகு அசையவில்லை, தலை மட்டும் லேசாக, ஒரு காது இந்தப் பக்கம் வரும்படி திரும்பியிருந்தது, அப்போதுதான் உறைத்தது, அந்தப் பதில் அவருக்கும் வேண்டியிருந்தது.